“சின்னம்மை போட்டிருக்குதுங்களா?”

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இருந்தபோது, ரத்தம் எடுக்கும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நர்சிங் சேர்ந்த பிள்ளைகளுக்கு வார்டுக்குப் போகும் முன் சின்னம்மை எதிர்ப்புச் சக்தி பார்ப்போம். 18, 19 வயது. பதில் சொல்வதென்னவோ கூட வந்த அம்மாதான்.

“போட்டுச்சுங்க, மூணாவது படிக்கறப்ப. வாசல்ல வேப்பந்தழை சொருகி, மூணு தண்ணி ஊத்துனோமுங்க.”

இப்படி வேப்பந்தழையோடு வரும் பதிலை நம்பலாம். ரத்தமும் அநேகமாக அதையே சொல்லும். “வந்ததே இல்லீங்க” என்பதுதான் பிடிபடாது. நாலைந்து கொப்புளத்தோடு வந்து போயிருக்கும், வேர்க்குரு என்று விட்டிருப்பார்கள். எலிசா என்ற ரத்தப் பரிசோதனைத் தட்டில், வைரஸின் புரதம் பூசிய குழியில் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) விட்டால், ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் நீலம் வரும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். ‘இல்லீங்க’ என்ற பலரின் குழி பளிச்சென்று மஞ்சளாக இருக்கும்.

ஒரு தவறு இன்னும் உறுத்துகிறது. சின்னம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்ட ஒரு பெண்ணுக்கு நெகட்டிவ் வந்தது. ஒன்றும் சொல்லாமல் தாளை நீட்டிவிட்டேன். “ஊசி வீணாப் போச்சுங்களா?” என்று கண் கலங்கிவிட்டாள். ஊசியால் வரும் எதிர்ப்புப் பொருளின் அளவு, நோய் வந்தவர்களைவிடக் குறைவு. சாதாரண எலிசா அதைத் தவறவிடும். இரண்டு தவணைக்குச் சான்று இருந்தால் அதுவே போதும். அப்புறம் மூத்தவர் ஒருவர்தான் அவளுக்கு அதை விளக்கினார். நான் விளக்கியிருக்க வேண்டும்.

நோயும் வராமல், ஊசியும் போடாமல், நிஜமாகவே குழி வெளுத்து நிற்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. குளிர்நாடுகளில் பள்ளி வயதிலேயே பெரும்பாலோருக்கு வந்துவிடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் 20 வயதைத் தாண்டியும் பலர் தப்பியிருப்பார்கள். பெரியவர்களுக்கு வந்தால் நிமோனியா வரை போகலாம், கர்ப்பிணிகளுக்கு ஆபத்து அதிகம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவும் என்பதால், மில் ஹாஸ்டல் மாதிரி நெருக்கமான இடத்தில் ஒதுக்கி வைப்பதற்குள் தொற்றியிருக்கும். ஜப்பானிய மருத்துவர் தகாஹாஷி 1974-லேயே தடுப்பூசி கண்டார். இங்கே அரசின் இலவசப் பட்டியலில் அது இல்லாதது எனக்கு ஆதங்கம்தான்.

அப்படி வெளுத்த குழிக்காரி ஒருத்தியின் அம்மாவிடம், நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“மாரியாத்தாளுக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வர்றமுங்க.”

புதன்கிழமை காலையில், நெற்றியில் திருநீறோடு இருவரும் வந்து நின்றார்கள்.