தடைக்காலக் குறிப்புகள்

மே 1
இன்று டாஸ்மாக் கடை லீவு. பதினோரு மணிக்கே அண்ணனுக்குக் கை நடுக்கம், வலைக் கண்ணில் ஊசி நுழையவில்லை. குடிநோய் கவுன்சிலர் டிரெயினிங்கில், குடி இல்லாதபோது வரும் தவிப்பை அளக்கக் கொடுத்த தாளில் 10 கேள்வி, மொத்தம் 67 மார்க். அவனைக் கேட்காமலே மார்க் போட்டேன். பிளாக்கில் வாங்கிக் குடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது.

மே 3
மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் 42 நாள்.

மே 4
வகுப்பில் ரோல் பிளே. நான் கவுன்சிலர். மூன்று நிமிடத்தில் நாலு அறிவுரை சொல்லிவிட்டேன். "அவர் கேக்கவே இல்லையே, நீ ஏன் குடுக்குற? சொல்லலாமான்னு முதல்ல கேளு" என்றார் மேடம். காசிமேட்டில் யார் கேட்டுவிட்டுச் சொல்கிறார்கள்?

மே 6
அண்ணனுக்குக் குழம்பில் இரும்பு வாடை அடிக்குதாம். என் தட்டில் அடிக்கவில்லை.

மே 8, விடிகாலை
ராத்திரி ஒரு குவாட்டர்கூட முடிக்கவில்லை. முகம், கழுத்து, கண் எல்லாம் ரத்தச் சிவப்பு. வாந்தி. "நெஞ்சு அடிச்சிக்கினே கீது பாப்பா, செத்துருவேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆட்டோவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரும்பு வாடை. டைசல்ஃபிரம், குடியை விடவைக்கக் கொடுக்கும் மாத்திரை. சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறும், அதற்கு மேல் உடையவிடாமல் அந்த மாத்திரை தடுத்துவிடும். நோட்டில் அழகாகப் படம் போட்டு வைத்திருக்கிறேன்.

"வேற மாத்திரை எதுனா சாப்டறாரா?" என்று டியூட்டி டாக்டர் கேட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு "இல்ல சார்" என்றாள். நான் வராண்டாவில் டாக்டர் பின்னாடியே ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

மே 8, இரவு
கடுகு டப்பாவுக்குள் பொடித்து மடித்த பொட்டலம். எதிர் வீட்டு அக்கா கொடுத்ததாம், தெருவில் நாலு வீட்டில் நடக்கிறதாம். கத்தினேன். அம்மா நிதானமாகச் சொன்னாள்: "ஒங்க நைனாவுக்கு அப்பவே இத்தக் குடுத்திருந்தா இன்னிக்கு இருந்திருப்பாரு."

சாக்கடையில் கொட்டினேன். நிறுத்தினாலும் 14 நாள் வரை உடம்பில் வேலை செய்யும். 21ஆம் தேதி வரை அவன் குடிக்கக் கூடாது. ஏன் என்று சொல்லாமல் எப்படிச் சொல்வது?

மே 9
பயத்தில் அண்ணன் குடியைத் தொடவே இல்லை. அதுவும் எனக்குப் பயம்தான். சட்டென்று நிறுத்தினால் 48 மணி நேரத்துக்கு மேல்கூட சிலருக்கு மனம் குழம்பும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். டாக்டர் எழுதிய மாத்திரையை அவன் கையிலேயே கொடுக்கிறேன், பேரைப் படித்துக் காட்டி. ராத்திரி மூன்று தடவை எழுந்து பார்த்தேன். பேசுவது தெளிவாக இருக்கிறது. கை நடுங்குகிறது. வியர்வை.

மே 10
தூங்கினான்.

மே 11
வகுப்பில் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். குடியால் வரும் மனநலப் பாதிப்பும் அதில் அடக்கம். சிகிச்சைக்கு விவரம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். பரீட்சைக்கு வரும் என்றார்கள், அடிக்கோடு போட்டேன். சொன்னால் அம்மா கையால் இனி சாப்பிட மாட்டான். சொல்லாவிட்டால் பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கிறது.

மே 12
அம்மா என்னோடு பேசுவதில்லை. எறா தொக்கு வைத்தாள்.

மே 13
அண்ணன் என்னோடு குடிநோய் வார்டுக்கு வந்தான், வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டான். "உள்ள வரலாமா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மே 14
ராத்திரி சோற்றைத் தானே போட்டுக்கொண்டான். குழம்பை ஊற்றி, தட்டை என் பக்கம் தள்ளினான். "நீ மொதல்ல ஒரு வாய் துன்னு பாப்பா."