டிவியில் ஓடும் இட எண்ணை நம்புவதற்கு முன்

"அந்தக் கூட்டணி 140, இந்தக் கூட்டணி 85" என்று தேர்தல் நேரத்தில் திரையின் ஓரத்தில் ஓடுகிறதே, அந்த எண்ணை எந்த வாக்காளரும் சொன்னதில்லை. களத்தில் கேட்டது "உங்கள் ஓட்டு யாருக்கு?" என்பது மட்டும்தான். அதில் கிடைப்பது வாக்கு சதவீதம். அதை இடங்களாக மாற்றுவது அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் நடக்கும் வேலை. தப்பு நுழைய அங்கே நிறைய வாசல் உண்டு. ஆனால் டீக்கடை வரை வந்து சேர்வது அந்த எண்தான்.

2016 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மே 16 மாலை பல எக்ஸிட் போல்கள், அதாவது ஓட்டுப் போட்டு வெளியே வருபவர்களிடம் கேட்டு எடுக்கும் கணிப்புகள், திமுக அணிதான் என்றன. மே 19 அன்று எண்ணியபோது அதிமுக 134, திமுக அணி 98. இரண்டு அணிகளுக்கும் வாக்கு வித்தியாசம் சுமார் 1 சதவீதம்தான். அது 36 இடமாக விரிந்தது. ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. இப்படிப்பட்ட போட்டியைக் கருத்துக்கணிப்பால் அளப்பது, காய்கறித் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி.

ஏன் என்றால், 1,000 பேரிடம் கேட்டால் பிழை வரம்பு கூடுதலாகவோ குறைவாகவோ 3.1 சதவீதப் புள்ளி. 4,000 பேரிடம் கேட்டால் 1.55. பிழையைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும், செலவும் கூடவே ஏறும். இது ஒரு கட்சியின் சதவீதத்துக்கான பிழை. முதல் இரண்டு கட்சிகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "2 சதவீதம் முன்னிலை" என்ற தலைப்புச் செய்திக்கு உண்மையான பொருள், "யார் முன்னால் என்று தெரியவில்லை" என்பதே.

தொகுதிவாரிக் கணிப்பு இன்னும் வேடிக்கை. 10,000 பேர் என்றால் பிரமாண்டமாகத்தான் இருக்கும். 234 தொகுதிகளுக்குப் பிரித்தால் ஒரு தொகுதிக்கு 43 பேர்கூட இல்லை. அங்கே பிழை 15 புள்ளி. அதை வைத்துக்கொண்டு வேட்பாளர் படத்துக்கு மேல் "வெற்றி" முத்திரை குத்துவதை என்ன சொல்ல!

இதெல்லாம் ஆட்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டுமே பொருந்தும் கணக்கு. வாக்காளர் பட்டியலில் குலுக்கல் முறையில் ஒரு பெயரில் தொடங்கி, குறிப்பிட்ட இடைவெளியில் அடுத்தடுத்த பெயர்களை எடுத்து, அந்த ஆளையே தேடிப் போய்க் கேட்பது நல்ல முறை. பஸ் ஸ்டாண்டில் நின்று கிடைப்பவர்களிடம் கேட்டால் ஆண்கள்தான் அதிகம் வருவார்கள். 1,000 பேரில் 650 ஆண்கள், 350 பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்சிக்கு ஆண்களில் 40 சதவீதம், பெண்களில் 48 சதவீத ஆதரவு. அப்படியே கூட்டினால் 42.8 வரும். பெண்கள் பாதி என்று எடைபோட்டுத் திருத்தினால் 44. இந்த 1.2 புள்ளி 2016-இன் மொத்த வித்தியாசத்தைவிடப் பெரிது. எடைபோட்டார்களா, எந்த அடிப்படையில் என்று சொல்லாத கணிப்பை நான் ஓரமாக வைத்துவிடுவேன்.

களத்தில் இன்னொரு நோய், நிழலில் உட்கார்ந்து படிவங்களைத் தானே நிரப்பிக்கொள்வது. ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் இது நடக்கத்தான் செய்யும். பதில் சொன்னவர்களில் சிலருக்குத் திரும்ப போன் போட்டுச் சரிபார்ப்பதுதான் மருந்து. நேர்மையாகக் கேட்டாலும், பக்கத்தில் கட்சிக்காரர் நின்றால் வருகிற பதில் வேறு. அதனால்தான் எக்ஸிட் போலில் மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, அவர்களே மடித்துப் பெட்டியில் போடச் சொல்லும் வழக்கம் இருக்கிறது.

கேள்வியின் சொல்லும் பதிலை மாற்றும். அமெரிக்காவில் டொனால்ட் ரக் என்ற ஆய்வாளர் 1941-இல் வெளியிட்ட சோதனை இது. ஜனநாயகத்துக்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சை "அனுமதிக்க வேண்டுமா?" என்றபோது 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். "தடை செய்ய வேண்டுமா?" என்றபோது ஆம் என்றவர்கள் 46 சதவீதம்தான். விஷயம் ஒன்று, வினைச்சொல் வேறு. கேள்வியை முழுதாகக் காட்டாமல் "மக்கள் எதிர்ப்பு" என்று போடும் சேனலிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: என்ன வார்த்தையில் கேட்டீர்கள்?

இந்த எண் வெளியே வந்ததும் சும்மா இருப்பதில்லை. பின்தங்குவதாகச் சொல்லப்பட்ட கட்சியின் பூத் ஆட்கள் சோர்கிறார்கள். நன்கொடையாளர் கை இறுகுகிறது. மூன்றாவது அணியை விரும்புகிறவரிடம் "ஓட்டை வீணாக்காதே" என்று வீட்டிலேயே சொல்கிறார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும்வரை எக்ஸிட் போலை வெளியிடத் தடை போட்டிருப்பது இதனால்தான். வாக்குப்பதிவுக்குச் சில வாரம் முன்பு வரும் கணிப்புக்கு அந்தத் தடை இல்லை. பாதிப்பு அதிகம் அங்கேதான் என்பது என் எண்ணம்.

ஓட்டுப் போட்டு முடிந்த பிறகும் எண்ணுக்கு வேகம் உண்டு. 2024 ஜூன் 1 மாலை, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்று பல கணிப்புகள் வந்தன. ஜூன் 3 திங்கட்கிழமை பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளிகள் ஏறியது. மறுநாள் பெட்டியைத் திறந்தபோது வந்தது 293. அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 4,300 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது.