வாய்க்கால் சண்டையும் ஈசாக்கின் கிணறுகளும்

கோடை நெற்செய்கையான சிறுபோகம் தொடங்கினால் வன்னியில் தகராறும் தொடங்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. குளத்தின் அளவைப் பார்த்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் காணியைப் பங்கிட்டு, வாய்க்காலுக்கு முறை வைப்பார்கள். யாராவது முறை தவறி இரவில் மடையைத் திறந்தால், ஞாயிறு பூசையில் இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். அந்த நேரம் சாந்தகுணத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்து ஒரு பலனும் இல்லை.

வேதத்தில் தண்ணீர்ச் சண்டைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது: ஆதியாகமம் 26. ஈசாக்கின் வேலைக்காரர் தோண்டிய கிணற்றைக் கேராரூர் மேய்ப்பர் தங்களதென்றார்கள். விட்டுவிட்டு அடுத்ததைத் தோண்டினான். அதற்கும் வந்தார்கள். மூன்றாவது கிணற்றுக்கு ஒருவரும் வரவில்லை. பயந்து ஒதுங்கினான் என்று நினைப்பவர்கள் 16ஆம் வசனத்தைத் திரும்ப வாசிக்க வேணும். தங்களைவிடப் பலத்தவனாகிவிட்டான் என்றுதான் பெலிஸ்தரின் ராசா அபிமெலேக்கு அவனைப் போகச் சொன்னான். அடிக்கக்கூடியவன் அடிக்கவில்லை, பிறகு அதே ராசா, சேனாபதி பிகோலையும் கூட்டிக்கொண்டு, ஒப்பந்தம் கேட்டு அவனிடம் வருகிறான். ஈசாக்கும் சிரித்து மழுப்பவில்லை. என்னைப் பகைத்துத் துரத்தினீர்களே, இப்போது ஏன் வந்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டான். அதற்குப் பிறகுதான் விருந்து, மறுநாள் காலை ஆணை. கேட்காமல் விருந்து வைத்திருந்தால் அந்த உடன்படிக்கை ஒரு கோடை தாண்டியிராது என்பது என் எண்ணம்.

ஆனால் ஈசாக்குக்குக் கூடாரம், பிடுங்கிக்கொண்டு போகலாம். இரண்டு ஏக்கர்க்காரர் எங்கே போவார்? கதிர் வெளிவர முந்திய குடலைப் பருவத்தில் தண்ணீர் தவறினால் நெல் பதராகிவிடும். அவருக்கு "விட்டுக்குடுங்கோ" என்று புத்தி சொல்வது அநியாயம். அவருக்கு உதவுவது மத்தேயு 18:15-17.

முதலில் தனியே போக வேணும். வாய்க்கால் கரையில், கையில் மண்வெட்டியோடு பேசக்கூடாது. காலமை படலையடிக்குப் போங்கள். பின்னேரம், தவறணையால் வந்த பிறகு வேண்டாம். "களவாய்த் திறந்தனீங்கள்" என்று தொடங்கினால் கதை அதோடு முடிந்தது. கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "அண்ணை, செவ்வாய் இரவு எங்கட முறை. பதினொரு மணிக்கு உங்கட பக்கம் மடை திறந்து கிடந்தது. என்ன நடந்தது?" பிறகு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். இதுதான் கஷ்டம். நீதிமொழிகள் 15:1 சொல்லும் மெதுவான பிரதியுத்தரம் குரலில்தான். செவ்வாயையும் பதினொரு மணியையும் விழுங்கச் சொல்லவில்லை.

சரிவராவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிப் போகலாம். மச்சானைக் கூட்டிப் போனால் அது சாட்சி இல்லை, படை. இருவருக்கும் கடன்படாத கடைமடைக்காரர் ஒருவர் நல்லது. மூன்றாவது படி சபை. எதிராளி சைவக்காரர் என்றால் கமக்காரர் அமைப்பு. எங்களுடைய ஊர்களில் பெரும்பாலும் இந்த ஒழுங்கு தலைகீழாய்ப் போகிறது. முதலில் செபக்கூட்டத்தில் "இன்னார் மனம் மாறச் செபியுங்கோ" என்பார்கள். அது செபமில்லை, வெள்ளை உடுத்த கோள். பிறகு தனியே போனால் யார் கதவைத் திறப்பார்?

இணங்கினால் எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மணிமுதல் எத்தனைவரை, மடையை யார் பூட்டுவது. ஒரு பிரதி கமக்காரர் அமைப்புச் செயலாளரிடம் இருக்கட்டும். இப்படி இரண்டு மூன்று பிணக்கைத் தீர்த்தவரை அடுத்த சண்டைக்கு ஊரே தேடி வரும், பதவி இல்லாவிட்டாலும்.

சமாதானத்தை வாய்ப்பூட்டாக்குவது வேறு கதை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு உட்கார்ந்த தாய்மார் கல்லெடுக்கவில்லை, கேள்வியை விடவும் இல்லை. அவர்களைப் பார்த்து "மறந்து மன்னியுங்கோ" என்று பீடத்தில் நின்று சொல்லக் குருவானாலும் போதகரானாலும் ஒருவருக்கும் உரிமையில்லை. அடிக்கிற புருசனிடம் மனுசியைத் தனியே பேசிப் பார்க்க அனுப்பவும் கூடாது. அங்கே மத்தேயு 18இன் முதற்படி பொருந்தாது. முதலில் அவளையும் பிள்ளைகளையும் பத்திரமான வீட்டில் சேர்த்து, பொலிசின் 119க்கு அழையுங்கள்.