மைக்ரோகண்ட்ரோலரின் லாக் செய்திகளைச் சர்வருக்கு அனுப்புதல்

மேற்கூரைக்கு அடியில் பொருத்திவிட்ட மைக்ரோகண்ட்ரோலர் (சிறு கணினிச் சில்லு) கருவியுடன் கேபிளை இணைத்து, அதன் செய்திகளைக் கணினித் திரையில் காட்டும் சீரியல் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. அதன் லாக் செய்திகள், அதாவது தன் செயல்பாட்டைப் பற்றி அது எழுதும் குறிப்புகள், வைஃபை வழியாகச் சர்வருக்கு வந்தாக வேண்டும். இதற்குப் புதிதாக எதையும் உருவாக்காமல், லாக் செய்திகளை நெட்வொர்க்கில் அனுப்புவதற்கென 1980களில் தோன்றிய சிஸ்லாக் முறையையே நான் பரிந்துரைப்பேன். ஒரு செய்தி ஒரு யூடிபி பாக்கெட்டில் (முன்னிணைப்போ, சேர்ந்ததற்கான உறுதியோ இல்லாமல் அனுப்பப்படும் தரவுத் துண்டில்) அடங்கி, சர்வரின் 514ஆம் போர்ட்டுக்குச் செல்கிறது. இணைப்பை ஏற்படுத்திப் பராமரிக்கும் வேலையே கருவிக்கு இல்லை.

செய்தியின் தலைப்பில் வரும் எண், செய்தி எவ்வகை மூலத்திலிருந்து வருகிறது என்று காட்டும் வகை எண்ணை எட்டால் பெருக்கித் தீவிரத்தின் எண்ணைக் கூட்டினால் கிடைக்கும். நம் சொந்தப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட வகைகளில் முதலாவது 16 என்பதால், சாதாரணத் தகவலுக்கு (தீவிரம் 6) 134, பிழைக்கு (தீவிரம் 3) 131. கடிகாரம் இன்னும் என்டிபி (நெட்வொர்க்கிலிருந்து சரியான நேரத்தைப் பெறும் முறை) வழியாகச் சரிசெய்யப்படாத நிலையில் பொய்யான நேரத்தை எழுதக் கூடாது. 2009இல் வெளியான, சிஸ்லாக் செய்தியின் வடிவத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5424 ஆவணம், நேரத்துக்கான இடத்தில் ஒரு சிறு கோட்டை மட்டும் இட அனுமதிக்கிறது. செய்தி வந்து சேர்ந்த நேரத்தைச் சர்வரே குறித்துக்கொள்ளும்.

யூடிபி பாக்கெட்டுகள் தொலையக்கூடும் என்பதால், ஒவ்வொரு செய்தியிலும் வரிசை எண் சேர்ப்பது அவசியம் என்று கருதுகிறேன். எது தொலைந்தது என்பதை அது சொல்லாவிட்டாலும், தொலைந்திருக்கிறது என்பதையாவது மறைக்காது. செய்திகள் மறையாக்கம் இன்றிச் செல்வதால் கடவுச்சொற்கள் ஒருபோதும் அவற்றில் இடம்பெறக் கூடாது.

கூடுதல் கவனம் தேவைப்படுவது, செய்தியை எங்கிருந்து அனுப்புகிறோம் என்பதில்தான். வைஃபை கொண்ட மைக்ரோகண்ட்ரோலரான இஎஸ்பி32இல் லாக் வெளியீட்டை நம் ஃபங்ஷனுக்குத் திருப்பிவிடலாம். ஆனால் அந்த ஃபங்ஷனுக்குள்ளிருந்தே பாக்கெட்டை அனுப்பினால், அனுப்பும்போது நெட்வொர்க் நிரல் தானும் ஒரு லாக் எழுத, அதையும் அனுப்ப முயன்று, முடிவில்லாத சுழற்சியில் கருவி சிக்கிக்கொள்ளும். ஆகவே அந்த ஃபங்ஷன் செய்தியை நினைவகத்தில் ஒரு காத்திருப்பு வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்ப வேண்டும். அனுப்பும் பொறுப்பைத் தனியான ஒரு டாஸ்க் (பின்னணியில் தனித்து இயங்கும் நிரல் பகுதி) ஏற்க வேண்டும். வரிசை நிரம்பிவிட்டால் காத்திருக்காமல் செய்தியைக் கைவிட்டு, கைவிட்டவற்றின் எண்ணிக்கையை அடுத்த செய்தியில் தெரிவிப்பதே சரி; லாக்குக்காகக் கருவியின் உண்மையான பணி தடைபடலாகாது.

இத்தனை செய்தாலும், கருவி செயலிழக்கும் முன் எழுதிய கடைசிச் சில வரிகள், அதாவது நாம் மிகவும் தேடும் வரிகள், பெரும்பாலும் வரிசையிலேயே அழிந்துவிடும். அவற்றை ஆர்டிசி நினைவகத்தில் (சில்லின் கடிகாரப் பகுதியைச் சேர்ந்த சிறு நினைவகத்தில்), தொடக்கத்தில் அழிக்கப்படாத பகுதியில், ஒரு பிரதியாக வைக்கலாம். மின்சாரம் நின்றால் அது மறைந்துவிடும். ஆயினும் வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் கருவியை மறுதொடக்கம் செய்யும் காவல் டைமர்) மறுதொடக்கத்தையும் நிரல் முறிவையும் தாண்டி நிலைக்கும். கருவி மீண்டும் எழுந்து வைஃபையில் இணைந்ததும், மறுதொடக்கத்தின் காரணத்தோடு அந்த வரிகளையே முதலில் அனுப்ப வேண்டும்.