பரிசு எவ்வளவு மாப்பிள்ளை?

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஒரு சாலையோரத்தில் அடுத்தவர் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது, இங்குள்ள சைக்கிள் கிளப்பில் சேர்ந்து ஆறு வருடம். டைம் ட்ரையல் நாளில் எனக்கு இதுதான் வேலை. அது கடிகாரத்தோடு தனியாக ஓட்டும் போட்டி, நிமிடத்துக்கு ஒருவர் கிளம்புவார்கள். இரண்டு காலும் பெடலில் மாட்டியிருப்பதால் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணும்போது அந்த ஆளின் நடுக்கம் சீட் வழியாக என் கைக்கு வந்துவிடும். தள்ளிவிடக் கூடாது என்பது விதி. கையை எடுக்கலாம், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து மாமனார் பேசினார். எங்கள் கிளப்பில் ஒரு டீச்சர், அவருடைய வயதுப் பிரிவில் தேசியப் பட்டம் வாங்கியிருக்கிறார் என்றேன். "தேசியப் பட்டமா! பரிசு எவ்வளவு மாப்பிள்ளை? ரயில்வேல வேலை போட்டுக் குடுப்பாங்களா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நம் ஊரில் தேசிய மெடல் என்றால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, அதோடு ஒரு குடும்பமே மேலே வந்துவிடும். இங்கே ஒரு மெடல், வெற்றி பெற்ற அன்று ஹாலில் டீயும் கேக்கும். திங்கட்கிழமை காலை அந்த டீச்சர் பள்ளிக்கூடம் போயாக வேண்டும்.

அப்புறம் எதற்கு இத்தனை பாடு? மாமாவுக்கு நான் சைக்கிள் வீராங்கனை பெரில் பர்ட்டன் கதையைச் சொன்னேன்.

லீட்ஸை ஒட்டிய மோர்லிதான் அவருடைய ஊர். சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். பிறகு ரூபார்ப் தோட்டத்தில் கூலி வேலை. ரூபார்ப் என்பது புளிச்சக்கீரை போலப் புளிக்கும் ஒரு தண்டு, இந்தப் பக்கத்தில் அது பெரிய விவசாயம். தோட்டக்காரர் நிம் கார்லைனும் 24 மணி நேரப் போட்டியில் பலமுறை தேசியப் பட்டம் வென்றவர். முதலாளியும் சாம்பியன், மூட்டை தூக்கியவரும் சாம்பியன்.

1959 முதல் 1983 வரை, 25 வருடம் ஒன்று விடாமல், பெண்களில் பிரிட்டனின் சிறந்த ஆல்ரவுண்டர் பட்டம் பெரிலுக்குத்தான். 25, 50, 100 மைல் போட்டிகளின் சராசரி வேகத்தைச் சேர்த்துப் பார்த்து அப்போது தந்த பட்டம் அது. தனித்தனி டைம் ட்ரையல் பட்டங்கள் 72, சாலைப் போட்டியில் 12. உலகப் பட்டம் ஏழு முறை. 1967-இல் 12 மணி நேரத்தில் 277.25 மைல் ஓட்டினார். ஆண்களின் சாதனையும் அன்று உடைந்தது. வழியில் ஆண்கள் பிரிவில் ஓட்டிய மைக் மெக்நமாராவைத் தாண்டும்போது ஒரு லிக்கரிஸ் மிட்டாயை நீட்டிவிட்டுப் போனார் என்பதை இங்கே சைக்கிள் ஓட்டும் எல்லோரும் சொல்வார்கள்.

ராலே நிறுவனம் பணம் தருகிறேன் என்று அழைத்தபோதும் போகவில்லை, கடைசி வரை அமெச்சூர்தான். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு சைக்கிள் போட்டியே 1984-இல்தான் வந்தது. அவர் காலத்தில் நாட்டுக்குள் இருந்த உச்சம் இந்தப் பட்டங்கள்தான். 1976-இல் தேசிய சாலைப் போட்டியில் சொந்த மகள் டெனிஸ் கடைசி ஓட்டத்தில் அவரை முந்தினார். பரிசு மேடையில் மகளுக்கு அம்மா கை கொடுக்கவில்லை. அது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பைசா தராத பட்டத்துக்காகப் பெற்ற மகளிடமே முகம் திருப்ப முடிந்தது என்றால், அதன் கனம் எவ்வளவு இருக்க வேண்டும்!

"இப்ப யாரும் அப்படி இருக்காங்களா?" என்றார் மாமா. இருக்கிறார்கள். சைக்கிளில் மலைச்சாலை ஏறும் தேசியப் போட்டியை 2018-இலும் 2020-இலும் வென்ற ஆண்ட்ரூ ஃபெதர் ஒரு வக்கீல். வேலை முடிந்த நேரத்தில் பயிற்சி செய்து வந்தவர்.

வயதுப் பிரிவுகள் அதிகமானதால் பட்டம் மலிந்துவிட்டது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்று பேர் ஓட்டி மூவருக்கும் மெடல் கிடைக்கிற பிரிவும் உண்டு. எங்கள் கிளப்பின் பெரியவர் ஒருவர், யாராவது பட்டம் வாங்கினார்கள் என்றால் முடிவுத் தாளை முதலில் பார்க்க மாட்டார். கிளம்பியவர்களின் பட்டியலைத்தான் கேட்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு வருவார். யார் யார் வந்தார்கள், யார் பயந்து வரவில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

டீச்சரின் பட்டியலையும் அப்படித்தான் பார்த்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு பெயரில் விரல் நின்றது. "இவளும் வந்தாளா?" என்றார். ஆமாம் என்றார் டீச்சர். பெரியவர் எழுந்து போய், தன் கையாலேயே அவருக்கு ஒரு கப் டீ ஊற்றிக்கொண்டு வந்தார். ஆறு வருடத்தில் அவர் வேறு யாருக்கும் டீ ஊற்றி நான் பார்த்ததில்லை.