கொட்டில் திறப்பு

யூன் 11, செவ்வாய்

கொட்டில் திறப்பு இப்போது என்னிடம். அவுஸ்திரேலியாவில் இதை 'மென்ஸ் ஷெட்' என்பார்கள், வயதான ஆம்பிளைகள் கூடி மரவேலை செய்கிற இடம். தலைவரின் மனைவி விடிய ஆறே முக்காலுக்கு வந்து வாசலில் நின்றபடியே தந்துவிட்டுப் போனா. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. காரை நிற்பாட்டாமலே வந்திருந்தா. "இரவு அம்புலன்ஸில் கொண்டு போனார்கள். இன்று செவ்வாய், ஒன்பது மணிக்கு ஆட்கள் வந்து நிற்பார்கள் என்று சொல்லச் சொன்னார்." மூக்கில் குழாயோடு அந்த மனுசன் சொன்னது இதுதானாம்.

வளையத்தில் பதினொரு திறப்பு. முன்கதவு, பின்கதவு, மரக்கிடங்கு, மின்பெட்டி. மிச்சம் ஏழும் எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது.

போனபோது மழைக்குள் ஒன்பது பேர் நின்றார்கள். தலைவருக்குச் சுகமில்லை என்றேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். என்ன வருத்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாள் மெசினைப் போட்டுவிட்டார்கள்.

யூன் 12, புதன்

கடிதம் லாச்சிக்குள்.

யூன் 15, சனி

பன்னிங்ஸ் என்ற கட்டடச் சாமான் கடை வாசலில் கொட்டிலுக்குக் காசு சேர்க்கச் சொசேஜ் சுட்டோம். காலை எட்டிலிருந்து பின்னேரம் நாலு வரை. வெங்காயம் கீழே, சொசேஜ் மேலே. வெங்காயம் விழுந்து ஆட்கள் வழுக்கக்கூடாதென்று 2018 இல் பன்னிங்ஸ் சொன்னது, அதற்கு நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. ஓய்வுபெற்ற நீதவான் ஒருவர் கண்ணீர் வழிய வெங்காயம் அரிந்தார். ஆயுளில் மச்சம் தொடாத நான் இடுக்கியால் பிரட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டில் மனிசி உடுப்பைக் கராஜிலேயே கழற்றச் சொன்னா. "அம்மா இருந்திருந்தா உங்களைப் படியேற விட்டிருக்க மாட்டா."

காசு மரத்தூள் இழுக்கிற தூசி மெசினுக்கு. அதன் பை போன வருஷமே கிழிந்தது.

யூன் 18, செவ்வாய்

பத்தரைக்குத் தேத்தண்ணி. சுவரில் ஆணி அடித்து ஆளுக்கொரு கோப்பை. தலைவருடையது மூன்றாவது வரிசையில், நீலம், பிடி உடைந்து ஒட்டினது. இன்றைக்கு ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கும் ஒரு பழக்கம் வேணும்.

அவர் ஏன் எப்போதும் கடைசியாகவே கோப்பையை எடுப்பார் என்று இன்று பிடிபட்டது. எல்லாரும் எடுத்த பிறகு ஆணியில் என்ன மிஞ்சியிருக்கிறதென்று பார்ப்பார். இரண்டு கிழமை இறங்காத கோப்பை என்றால் பின்னேரம் அந்த வீட்டுக்கு ரெலிபோன் போகும். சுகம் விசாரிக்க மாட்டார். "அந்த இடுக்கியை நீயா கொண்டு போனாய்?" என்றுதான் தொடங்குவார்.

இன்று மிஞ்சினது நாலு. அவருடையது சேராமல். நாலு பேரின் பெயரும் எழுதிக்கொண்டு வந்தேன். ஒருவருக்கும் எடுக்கவில்லை. இடுக்கியைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வராது.

யூன் 24, திங்கள்

அவர் வீட்டிலிருந்து நாலு பெட்டி வந்திருக்கிறது. இரவு பன்னிரண்டு மணி மட்டும் கிண்டினேன். மனிசி இரண்டு தரம் எழும்பி வந்து பார்த்துவிட்டுப் போனா.

மேலே 2005 இல் லேக்ஸ் என்ட்ரன்ஸ் என்ற ஊரில் நடந்த கொட்டில்களின் முதல் தேசிய மாநாட்டின் சட்டைப் பட்டை. துருப்பிடித்த ஊசி. 2007 இல் கொட்டில்களுக்கான தேசியச் சங்கம் தொடங்கினபோது வந்த தாள்கள். அதற்குக் கீழே கொப்பி, கொப்பி, கொப்பி. அறிக்கைகள் என்று நினைத்துத் திறந்தேன். முழுக்க ரெலிபோன் கணக்கு. திகதி, எந்தக் கொட்டில், யார், என்ன. "வடமேற்கு: தலைவரின் மனைவி செத்துப் போனா. வியாழக்கிழமைகளில் எடுக்க." அதற்குக் கீழே வியாழன், வியாழன், வியாழன் என்று பதினாலு சரி அடையாளம். "கரையோரம்: பொருளாளரும் செயலாளரும் கதைப்பதில்லை. காரணம் ஒரு கடைசல் மெசின்." "மலைப்பக்கம்: கவுன்சில் குத்தகை முடியுது, வக்கீல் பார்க்க வேணும்." இப்படியே பதினெட்டு வருஷம். அவர் சனிக்கிழமைகளில் "கொஞ்சத் தூரம் போய்வாறன்" என்று காரை எடுத்தது இதற்குத்தான். பெற்றோல் சொந்தக் காசு.

தேசிய வலையமைப்பு என்றால் நியூகாசிலில் இருக்கிற கந்தோர் கட்டளை போட எல்லாரும் கேட்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல் கொட்டில். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிந்த சங்கம். தனி யாப்பு, தனி வங்கிக் கணக்கு, தனிச் சண்டை. மேலே இருக்கிறவர்கள் தரக்கூடியது காப்புறுதி, பாதுகாப்பு விதிகள், மானிய விண்ணப்பத்துக்கு உதவி. 2010 இல் ஆண்கள் சுகாதாரக் கொள்கை வந்த பிறகு சுகாதார அமைச்சுக் காசு கொஞ்சம் வருகிறது. மற்றதெல்லாம் சம்பளம் இல்லாமல் ரெலிபோன் எடுக்கிற கிழவர்கள்.

மக்டொனால்ட்ஸைவிட எங்கள் கொட்டில்கள்தான் கூட என்று மாநாடுகளில் பெருமையடிப்பார்கள். மக்டொனால்ட்ஸில் மனேஜர் படுத்தால் இன்னொருவரைப் போடுவார்கள்.

யூன் 25, செவ்வாய்

நாலு பேரில் ஒருவருக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

யூன் 30, ஞாயிறு

நிதியாண்டு முடிவு. மின்சாமான்களுக்குச் சோதித்துப் பட்டி கட்டின திகதி எல்லாம் போய்விட்டது. காப்புறுதிக்காரர் கேட்டால் என்ன சொல்வது? இரவு மூன்று மணிக்கு எழும்பி இதை யோசித்தேன். உண்மையில் யோசித்தது இதை இல்லை.

யூலை 5, வெள்ளி

தபாலில் ஒரு படிவம். வட்டாரப் பிரதிநிதியாக நிற்க விருப்பமா? தலைவர்தான் என் பெயரைக் கொடுத்திருக்கிறார், அதுவும் மே மாதமே. மே மாதம் அவருக்கு என்ன தெரிந்திருந்தது?

முடிவுத் திகதி யூலை 31. லாச்சிக்குள் வைத்தேன்.

சாப்பிட இருக்க ரெலிபோன். தலைவரின் இலக்கத்தை எனக்கு மாற்றிவிட்டிருக்கிறார்கள், என்னை ஒரு சொல் கேட்காமல். கிப்ஸ்லாண்ட் பக்கத்து ஒருவர். அவர்களுடைய கொட்டிலில் சேர மூன்று பெண்கள் கேட்டிருக்கிறார்களாம், அங்கத்தவர்கள் பாதிப் பாதி. "தேசியச் சங்கம் என்ன சொல்கிறது?" அது உங்கள் முடிவு என்றேன். "அப்ப நீங்கள் என்னத்துக்கு?" என்றார். நியாயமான கேள்வி.

பெண்கள் வந்தால் வாய் திறக்காத கிழவன் இன்னும் மூடிக்கொள்வான் என்பது அவர் பயம். அது முழுப்பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 1993 இல் தென் அவுஸ்திரேலியாவில் கூல்வா என்ற ஊரில் முதல் கொட்டில் திறந்ததற்குப் பின்னால் நின்றவர் மாக்ஸின் சேஸ்லிங் என்ற பெண் என்று கொப்பியில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு, "இதைப் போனவாரம் சொல்லியிருந்தால் உதவியாக இருந்திருக்கும்" என்று வைத்துவிட்டார்.

சோறு ஆறிவிட்டது.

யூலை 9, செவ்வாய்

ஆஸ்பத்திரி. கொட்டிலில் எங்களோடு இருக்கிற இத்தாலிக்காரரும் வந்தார். தலைவர் பாதியாகிவிட்டார், கைகள் மட்டும் பழைய அளவு. கட்டிலின் ஓரச் சட்டத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே கதைத்தார். நாற்பது நிமிஷமும் தூசி மெசின்தான். பை எந்த அளவு, எந்தக் கடையில் மலிவு, நிரம்பின பையோடு ஓட்டினால் மோட்டர் எப்படிச் சூடாகும். வெளிக்கிடும்போது என்னைப் பார்த்து, "படிவம் வந்ததா?" ஓம் என்றேன். "வேறு ஏதும் கடிதம்?"

இல்லை என்றேன்.

எப்படித் தெரியும்? யூனில் ஆண்கள் சுகாதார வாரத்துக்குத் தாதிமார் கொட்டிலுக்கு வந்து இரத்த அழுத்தம் பார்த்தபோது நான் பின்பக்கம் மரம் அடுக்கப் போனதை யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

யூலை 10, புதன்

"வேறு ஏதும் கடிதம்?"

யூலை 16, செவ்வாய்

பழைய சாப்பாட்டுக் கதிரை ஒன்றைத் திருத்தத் தந்திருக்கிறார்கள். கால் ஒன்று புதிதாகக் கடைந்தேன். இரண்டு வருஷத்துக்கு முதல் எனக்கு உளி பிடிக்கவே தெரியாது.

அப்பா ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். எங்கள் ஒழுங்கை முடிவில் தச்சு வேலை செய்கிற ஒருவர் இருந்தார், பெரிய பலா மரத்துக்குக் கீழே கொட்டில். பத்து வயதில் அங்கே போய்ச் சீவுளி தள்ளிப் பார்த்தேன். சுருள் சுருளாக வந்தது. அந்த மணத்தோடு வீட்டுக்கு வந்தேன், அப்பா பூவரசந் தடி முறித்தார். "படிக்கிற பிள்ளைக்கு அங்கை என்ன வேலை?" படிப்பு மட்டுமில்லை என்று எனக்கும் தெரியும், அடிக்கிறவருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக் கதிரை, மேசை, சாமி அறைக் கதவு முழுக்க அவர் கை. அந்தக் கதிரை ஒன்றிலும் அவர் இருந்து நான் பார்க்கவில்லை.

இங்கே நீதவான் தூள் கூட்டுகிறார், முன்னாள் குழாய் வேலைக்காரர் அவரை வையிறார், "மூலையை விட்டிட்டாய்". அப்பா இதைப் பார்த்திருக்க வேணும். அதைவிட, அந்தப் பலாமரத்தடிக்காரர் பார்த்திருக்க வேணும்.

யூலை 23, செவ்வாய்

83 கலவரத்துக்கு 41 வருஷம். காலை முழுக்க அந்தக் கதிரைக் காலையே தேய்த்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு இத்தாலிக்காரர் என் கோப்பையை எடுத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

யூலை 26, வெள்ளி

டொங்காலா. வீட்டிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். 1998 இல் இதே யூலை 26 தான் அங்கே டிக் மக்கோவன் என்பவரின் பெயரில் கொட்டில் திறந்தார்கள். மென்ஸ் ஷெட் என்ற பெயரை முதலில் வைத்துக்கொண்டது அதுதான் என்பார்கள். கூல்வாக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சிட்னியில் லேன் கோவ்காரர் வேறு கணக்குச் சொல்வார்கள். தலைவர் வருஷா வருஷம் இந்த நாளில் தனியாகப் போய்வருவார். இந்த முறை நீ போ என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் விட்டுச் சொன்னார்.

போய் என்ன செய்வது? ஒன்றும் செய்யவில்லை. பேக்கரியில் தேத்தண்ணி குடித்தோம். டின்பால் தொழிற்சாலை இருந்த ஊர் என்று இத்தாலிக்காரர் சொன்னார். எங்கள் ஊரில் வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டு உள்ளங்கையில் நக்கின டின்பாலைப் பற்றிச் சொன்னேன். அவர் அம்மா அதைப் பாணில் பூசித் தருவாவாம்.

திரும்பும்போது ரொச்செஸ்டர் தாண்ட அவர் குறட்டை. எல்மோர் கிட்ட நான் சொல்லத் தொடங்கினேன். றோட்டைப் பார்த்தபடியே சொன்னேன். எப்போது கடிதம் வந்தது, அதில் என்ன இலக்கம், ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டுமென்று டொக்டர் சொன்னது, நான் இரண்டு தரம் திகதி மாற்றினது. தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. தோளோடு தோள் நின்றால்தான் ஆம்பிளைகள் கதைப்பார்கள் என்பது கொட்டில்காரரின் மந்திரம். பக்கத்தில் இருக்கிறவன் நித்திரை என்றால் இன்னும் வசதி.

குறட்டை எந்த இடத்தில் நின்றதென்று கவனிக்கவில்லை. ஹீத்கோட்டில் பார்த்தேன். கண் மூடித்தான் இருந்தது.

யூலை 29, திங்கள்

கொட்டிலில் நின்றபோது செயலாளர் ரெலிபோன், நாளை மறுநாளோடு முடிகிறது, படிவம் எங்கே என்று. வீட்டுக்கு எடுத்தேன். "இஞ்சாரும், லாச்சியிலை ஒரு படிவம் கிடக்கு. படம் பிடிச்சு அனுப்பும்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

கன நேரம். லாச்சி இழுபடுகிற சத்தம். தாள் சத்தம். படிவம் ரெலிபோனுக்கு வந்தது, நேராக, ஒழுங்காக, நாலு மூலையும் தெரிய. அவ ஒன்றும் சொல்லாமல் வைத்தா.

யூலை 30, செவ்வாய்

கதைக்கிறா இல்லை. சோறு போட்டுத்தாறா.

யூலை 31, புதன்

"அந்தத் தலைவற்ரை மனிசிக்கு எப்ப தெரியுமாம்?" இரவு விளக்கணைத்த பிறகு கேட்டா. தெரியாது என்றேன். "நீங்கள் ஊர் முழுக்க ரெலிபோன் எடுத்து அவைக்கு என்ன, இவைக்கு என்ன எண்டு கேக்கிறியள்." பிறகு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தா.

படிவத்தை எட்டு மணிக்கே அனுப்பிவிட்டேன், கையெழுத்து வைத்து. அவவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 2, வெள்ளி

நாலு பேரில் மூன்றாவது ஆள் எடுத்தார். இடுக்கி அவரிடம்தான் இருந்ததாம். உண்மையாகவே.

ஓகஸ்ட் 5, திங்கள்

நாளை காலை ஏழரைக்கு. மனிசி வாறா. நாளைக்குச் செவ்வாய்.

திறப்பு வளையத்தை இத்தாலிக்காரரிடம் கொடுத்தேன். எத்தனை மணிக்கு, எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்ல முதலே தலையாட்டினார். அலாரம் இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். எந்தத் திறப்பு எதற்கென்று தெரிந்த நாலுக்கும் நிறம் பூசிக் காட்டினேன். நாலு பெயர்த் தாளையும் கொடுத்தேன், இனி ஒன்றுதான் மிச்சம்.

தூசி மெசினின் பை நிரம்பியிருக்கிறது, மாற்ற வேணும். அதைச் சொல்ல மறந்துபோனேன். இப்ப மணி பதினொன்று, படுத்திருப்பார்