ஆ, இப்ப தெரியுது!

இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டுக்குப் பறவை பார்க்கப் போனோம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். குடாவ வாசலில் டிக்கெட் எடுத்ததும் எங்களோடு ஒருவரை அனுப்பினார்கள். மெலிந்த தேகம், காலில் வெறும் ரப்பர் செருப்பு. நானோ அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க முழங்கால் வரை காலுறை, கழுத்தில் இரவல் பைனாகுலர், தோளில் கமரா. மனைவி கையில் ஒரு குடை.

முதல் ஒன்றரை மணி நேரம் ஒரு காக்கை கூட இல்லை. திடீரென்று வழிகாட்டி கையைத் தூக்கினார். எங்கோ கரிச்சான் கத்தியது. அதற்குப் பின்னால் கலகலவென்று சிலம்பன்கள். இந்தக் காட்டில் பறவைகள் கல்யாண வீட்டுக்குப் போகிற சனம் மாதிரி, பல இனம் ஒன்றாகச் சேர்ந்துதான் இரை தேடப் போகும். வந்தால் எல்லாம் ஒரேயடியாக வரும், பத்து நிமிடத்தில் தலைக்கு மேலால் போய்விடும்.

“மாத்தயா, அந்தா செம்முகப் பூங்குயில்! அந்தப் பச்சை இலைக்குப் பின்னால்,” என்று சிங்களத்தில் கிசுகிசுத்தார்.

சிங்கராஜவில் பச்சை இலையை அடையாளம் சொல்வது, கொழும்பு வெள்ளவத்தையில் ‘காலி வீதியில நிற்கிற பஸ்’ என்று சொல்வது போல. நான் பைனாகுலரின் சக்கரத்தைத் திருகித் திருகி ஒருவழியாகத் தெளிவாக்கினேன். அது இருந்துவிட்டுப் போன கிளை மிகத் தெளிவாகத் தெரிந்தது.

“இஞ்சாருங்கோ, என்ன வடிவான வால்!” என்றார் மனைவி. வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறார்.

அதன் பிறகு வழிகாட்டி என்மேல் இரக்கப்பட்டார் என்று நினைக்கிறேன். பாதையை விட்டு விலக்கி, ஒரு புதரின் முன் குந்தவைத்தார். தவளைவாயன் சோடியாம். பகல் முழுக்க அசையாமல் தூங்குமாம், ஓடிப்போகாதாம். பெண் பறவை காய்ந்த இலை நிறம். இதைவிடச் சுலபமான பறவை கிடையாது என்பது போல விரலை நீட்டினார்.

நான் பார்த்தேன். காய்ந்த இலை நிறத்தில் அங்கே நூறு இருந்தன, எல்லாம் காய்ந்த இலைகள். “தெரியுதா?” “இல்லை.” “இப்ப?” “இல்லை.” ஐந்தாவது தடவை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஆ, இப்ப தெரியுது!” என்று சொல்லி நாற்பத்திரண்டு படம் எடுத்தேன். குந்தியிருந்த நேரத்தில் ஓர் அட்டை காலுறையைத் தாண்டி இடுப்பு வரை ஏறியிருந்தது. அதற்கு என்னைக் கண்டுபிடிக்க வழிகாட்டி தேவைப்படவில்லை.

திரும்பும்போது வழிகாட்டி செரண்டிப் ஆந்தையின் கதையைச் சொன்னார். பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட அதன் குரலைக் கேட்ட பிறகு ஆளைக் காண ஏறக்குறைய ஆறு வருடம் ஆனதாம், 2001-இல்தான் கண்டாராம். அவ்வளவு பெரிய நிபுணருக்கே ஆறு வருடம் என்றால், எனக்கு மூன்று மணித்தியாலம் ஒரு கணக்கா?

வாசலில் பிளேன்டீ குடிக்கும்போது வழிகாட்டி கமராவைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கடைசியில் ஒரு படத்தின் மூலையைப் பெரிதாக்கி, “இருக்கு மாத்தயா, வால் நுனி,” என்றார்.

மனைவி கமராவை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“அதுவும் சருகுதான்.”

வழிகாட்டி குனிந்து தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார்.